சூடேறும் புரொசெசர்: வெள்ளவத்தைக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததும் நல்ல செய்தி. கொட்டாஞ்சேனையில் நாங்கள் எல்லாரும் சுகம். இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

எடிட் பண்ணிய வீடியோவை முழுக் கோப்பாக்க ரெண்டர் பண்ணும்போது கொம்பியூட்டர் திடீரென்று நின்றுவிடுகிறது, பயோஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) சூடு அதிகமாகக் காட்டுகிறது, கடைக்காரர் புரொசெசரைக் குளிர்விக்கும் கூலரைப் புதிதாக வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. சூடு எவ்வளவு என்பதோடு, அது எப்படி ஏறுகிறது என்பதையும் பார். கோளாறு எங்கே என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பயோஸ் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. அங்கே புரொசெசர் ஓய்வு நிலைக்கு இறங்குவதில்லை, அதனால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தை மட்டும் திற. புரொசெசருக்குள் கணக்குப் போடும் ஒவ்வொரு கோரின் வெப்பம், புரொசெசர் இழுக்கும் வாட், ஃபேனின் சுற்று வேகம், இந்த மூன்றும் போதும். பத்து நிமிடம் சும்மா விட்டுக் குறித்துக்கொள். பிறகு வழக்கமான ரெண்டரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிரு.

உன் புரொசெசர் இன்டெல் ஐ5-10400. அதன் எல்லை 100 பாகை செல்சியஸ். அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காமல் இன்னும் மேலே போனால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆகவே 75 பாகையில் நிற்கும்போது மெஷின் அணைந்தால் குற்றவாளி புரொசெசர் அல்ல, பவர் சப்ளையையும் யுபிஎஸ்ஸையும்தான் சந்தேகிக்க வேண்டும். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரே சுவர் பிளக்கில் குத்தி ஒருமுறை ஓடவிட்டுப் பார். பேட்டரி தளர்ந்த யுபிஎஸ்ஸினாலும் இதே மாதிரி நடக்கும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்களோடு ஒப்பிட்டுப் பயப்படாதே. அவர்கள் 21, 22 பாகை அறையில் சோதிக்கிறார்கள். ஏசி போடாத கொழும்பு அறை பகலில் 31 பாகை. அறை எவ்வளவு கூடுகிறதோ, புரொசெசரும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். நம்மூரில் சும்மா இருக்கையில் 40 முதல் 45 வரை, ரெண்டரில் 80 வரை போனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ரெண்டர் தொடங்கிய சில விநாடிகளுக்குள்ளேயே 45இலிருந்து 95க்குத் தாவினால், கூலர் புரொசெசரோடு சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 பாகை கூட இருந்தாலும் பெரும்பாலும் அதுதான், கூலர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பெட்டியோடு வந்த இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்றிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். புரொசெசர் பொருத்தியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டின் பின்பக்கம் பார்: ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் பிளவு முழுதாக வெளியே வந்து, நடுவில் கறுப்புக் குச்சி இறங்கி அதை விரித்துப் பிடித்திருக்க வேண்டும். விரியாமல் இருப்பதுதான் குற்றம்.

கழற்றுவதானால் பிளக்கைப் பிடுங்கு, ஃபேன் வயரை எடு. பின்னின் தலையை அதிலுள்ள அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழு. திரும்பப் பூட்டுமுன் தலைகளை முந்திய நிலைக்குத் திருப்ப மறக்காதே. இதை மறந்தால்தான் பின் பிடிக்காமல் போகிறது. ஒரு மூலை, அடுத்து அதற்கு எதிர் மூலை என்று குறுக்காக அழுத்து. ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். உன் தம்பியின் ரைசன் மெஷினில் கைவைத்தால் வேறு எச்சரிக்கை: ஏஎம்4 சொக்கெட்டில் (புரொசெசர் உட்காரும் இடம்) கூலரை நேரே இழுத்தால் புரொசெசரே பின்களோடு பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி விட்டுத்தான் தூக்க வேண்டும்.

கூலரைக் கழற்றினால், புரொசெசருக்கும் அதற்கும் இடையில் பூசும் வெப்பப் பேஸ்ட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். பழையதை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த தும்பில்லாத துணியால் துடை. பயற்றம் மணியைவிடச் சற்றுப் பெரிதாக நடுவில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். பரப்பாதே, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். நிறையப் போட்டால் நல்லது என்பது தவறான எண்ணம். செம்பின் வெப்பக் கடத்துதிறன், அதாவது சூட்டைக் கடத்தும் அளவு, ஏறத்தாழ 400 (வாட்/மீட்டர்-கெல்வின்). நல்ல பேஸ்ட்டுக்கே 10 அளவுதான், காற்றுக்கோ 0.03கூட இல்லை. உலோகங்களுக்கிடையிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் அது தடித்து நின்றால் அதுவே தடை.

சூடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால் விஷயம் காற்றோட்டம். கேஸின் பக்கக் கதவைக் கழற்றி அதே ரெண்டரைத் திரும்ப ஓடவிடு. 5 முதல் 10 பாகை இறங்கினால் கூலரில் பிழையில்லை, கேஸுக்குள் சூடான காற்று அடைபட்டிருக்கிறது. முன்னால் ஒரு ஃபேன் உள்ளிழுக்கவும் பின்னால் ஒன்று வெளியேற்றவும் வேண்டும். மேசையின் மூடிய பெட்டிக்குள் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடு. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும்.

கதவைத் திறந்தும் மாற்றமில்லையென்றால் தூசி. நீ இருப்பது மரைன் டிரைவுக்குப் பக்கத்தில். உப்புக் காற்று ஈரத்தை இழுக்கும், அடுப்படிப் புகையின் எண்ணெயும் சேர்ந்தால் தூசி பிசுபிசுத்துத் தகடுகளில் ஒட்டிவிடும். இந்தக் கூலர் மேலிருந்து கீழே ஊதுவதால் தூசி ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையிலேயே படையாகப் படியும், ஃபேன் சுற்றுவதை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. ப்ளோவர் மட்டும் போதாது. உலர்ந்த பெயின்ட் பிரஷால் தகடு தகடாகத் தட்டிவிட்டு ஊது. ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள், தறிகெட்டுச் சுற்றினால் பெயாரிங் போய்விடும். வீட்டு வெக்கும் கிளீனர் வேண்டாம், நிலைமின் பாயும்.

சும்மா இருக்கும்போதே 60ஐத் தாண்டி, ஃபேனும் நன்றாகச் சுற்றினால் டாஸ்க் மேனேஜரைத் திற. பிரௌசர் நீட்சியோ களவு மென்பொருளோடு வந்து உனக்குத் தெரியாமல் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனரோ கோர்களைத் தின்றுகொண்டிருக்கலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இந்தப் புரொசெசர் தொடர்ந்து இழுக்க வேண்டிய கணக்கு 65 வாட். குறுகிய நேரத்துக்கு, 28 விநாடி அளவில், 134 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. சில மதர்போர்டுகள் அந்த நேர எல்லையையே தூக்கிவிடும். ரெண்டர் நடக்கையில் தொடர்ந்து 90, 100 வாட் காட்டினால் பயோஸில் நீண்ட நேர மின்வரம்பை 65க்குக் கொண்டுவா. ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் சின்னக் கூலரே தாங்கும். இத்தனைக்கும் பிறகும் இறங்காவிட்டால் மட்டும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கூலர் பார்ப்போம். எல்ஜிஏ1200 சொக்கெட்டுக்குப் பொருந்துமா, கேஸ் கதவு மூடும் உயரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று எண்களையும், சூடு ஏற எடுத்த நேரத்தையும் எழுதி அனுப்பு. ரெண்டரின்போது அந்த மென்பொருளில் எண்களைப் பதிவு செய்து, அந்த ஃபைலையும் அனுப்பினால் இன்னும் நல்லது. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்