மோரிஸ் காலையில் எடுக்க மாட்டேன் என்கிறது

சுங்கை சிப்புட்
திங்கட்கிழமை

அன்பு மகன் சேகருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். மூன்று வாரமாக உன் போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதைக் கேட்க இதை எழுதவில்லை. நம் பழைய மோரிஸ் கார் இருக்கிறதே, அந்தக் காடி விஷயமாக எழுதுகிறேன்.

ஒரு வாரமாக மழை. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் மோரிஸ் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. டவுனிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டேன். வந்ததும் பேட்டரி வயரை மாற்றி மாட்டப் பார்த்தான். இது 1961 காடி, இதற்குப் பிளஸ்தான் பாடிக்கு என்று கத்த வேண்டியதாயிற்று. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பாய். பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பாயிண்ட் இடைவெளி வைத்தவன் நீ. ஃபீலர் தகடு போட்டுப் பார்த்தால் 15 தவ், அங்குலத்தை ஆயிரமாக்கினால் பதினைந்து பங்கு, சரியாக இருக்கும். தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி வரை போய்ச் சொல்லித் திரிந்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? முதலில் பொறியைப் பார், பிறகு பெட்ரோல் எண்ணெயைப் பார். பேட்டரி சாகிறவரை குமிழை இழுக்காதே. ஆனால் நானே முறையை மாற்றித்தான் பார்த்தேன், வயதாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பம்ப் டக்டக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றது. எண்ணெய் வருகிறது. கார்புரேட்டர் பிஸ்டனைத் தூக்கி விட்டேன், 'டக்'கென்று விழுந்தது. அதிலும் குற்றமில்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து, அம்மாவைக் குமிழை இழுக்கச் சொன்னேன். பொறி இல்லை. இக்னிஷன் காயில் வயரில் மட்டும் நீலமாக அடிக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து அடுப்போரம் காயவைத்தேன், பலனில்லை. காயில் வயரைக் காய்ந்த குச்சியால், மூடிக்குள் சுற்றிப் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற ரோட்டரின் நடுவில் நெருக்கிப் பிடித்துப் பாயிண்டைத் திறந்தேன். பொறி பாய்ந்தது. அங்கே பாயக்கூடாது. ரோட்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. போன வருடம்தான் புதிதாக வாங்கிப் போட்டது! இப்போது வருவதெல்லாம் இந்த லட்சணம்தான்.

சின்னத்தை வந்திருந்தாள். மருமகளையும் பாப்பாவையும் கிள்ளானில் பார்த்தாளாம். பள்ளி விடுமுறைக்கு வந்திருப்பார்கள் என்றாள் அம்மா. இப்போது விடுமுறை இல்லை என்று அவளுக்கும் தெரியும். நான் பேச்சைக் காடிக்குத் திருப்பிவிட்டேன்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

ரோட்டருக்காக மைலோ டின்னைக் கவிழ்த்தேன். அடியில் பழைய லூகாஸ் ரோட்டர் கிடந்தது. போட்டேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அம்மா கைதட்டினாள். நான் காடியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

1993-இல் நீ சிங்கப்பூர் இண்டர்வியூவுக்குப் புறப்பட்ட ராத்திரி. ஈப்போ போய் பஸ் பிடிக்க வேண்டும். லயத்து ஆட்களெல்லாம் தள்ளினார்கள். நீ வெள்ளைச் சட்டையோடு செம்மண் சேற்றில் தள்ளினாய். எடுக்கவில்லை. 'இந்தக் காடி என் காலை வாரிவிட்டது, பழைய இரும்புக்காரனுக்குப் போடுங்கள்' என்றாய். தீபாவளிக்கு வந்தால் இன்னமும் அதையேதான் சொல்கிறாய்.

காடிமேல் குற்றமில்லை தம்பி. இந்த ரோட்டர் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. மத்தியானமே கழற்றிவிட்டேன். தோட்டத்தை வீடு கட்ட விற்கப்போகிறார்கள் என்று பேச்சு, ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை இருக்குமா தெரியவில்லை, நீயும் போய்விட்டால் என்று பயம். நீ பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாய், நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாட்டிவிட்டு, ஈரம் காய்ந்ததும் எடுத்துவிட்டது என்றேன். நாலு மாதம் கழித்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லாரியில் ஏறிப் போனாய். சொல்லாமல் போனானே என்று ஊரெல்லாம் உன்னைத்தான் ஏசினேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பழைய ரோட்டர் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் நல்ல லூகாஸ் ஒன்று கிடைக்குமா பார். வெறும் வயிற்றோடு அலையாதே. கிடைத்தால் தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. தனியாக வந்தாலும் சரி.

அப்பா