சனசமூக நிலையம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை) சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். இம்முறை அப்படி நடக்காது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

பொங்கல் விழா, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு, வாணி விழா மூன்றும் வழமைபோல் நடந்தன. சிரமதானம் இரண்டு தரம் நடந்தது. கூரை ஒழுக்கு திருத்தப்பட்டது. வாசிகசாலைக்குப் பத்திரிகை ஒழுங்காக வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் அதைத் திருப்பித் தந்தது ஒழுங்கில்லை.

இனி, பழைய கையெழுத்து அழைப்பிதழ்களைச் சேர்த்து, சனிக்கிழமைகளில் பாடசாலைப் பிள்ளைகளுடன் வாசிக்கும் வேலை. “செத்தவையின்ர கலியாணக் காட்டை (அழைப்பிதழை) வாசிச்சு என்ன காணப் போறியள்?” என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று தலைவர் ஐயா அடுத்த விடயத்துக்குப் போகச் சொன்னதால் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2008இலும் 2009இலும் நாங்கள் போரில் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போய்க் கடைசியில் செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் என்ன கடதாசி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தவர்களே சிலர்தான். கலியாணக் காட்டை யார் கொண்டுவருவார்? ஆனால் ஒரு விடயம் பிந்தித்தான் பிடிபட்டது. அழைப்பிதழ் அழைத்தவர் வீட்டில் தங்குவதில்லை, அழைக்கப்பட்டவர் வீட்டில்தான் தங்கும். எங்கள் ஊர்க் கலியாணங்களும் சாமத்தியச் சடங்குகளும் குடிபூரல்களும் (புதுமனை புகுதல்) வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உறவுக்காரர் வீட்டு றங்குப்பெட்டிகளில் கிடந்தன. கேட்டபோது பெரும்பாலானோர் மனமுவந்து தந்தார்கள். அந்தியேட்டி (மரணக் கிரியை) அழைப்பு மட்டும் மிகக் குறைவு. அதை வாசித்த கையோடு எறிந்துவிடுவது எங்கள் வழக்கம்.

கிடைத்தவற்றில் பாதிக்கு மேல் கையால் எழுதியவை. முந்திய காலத்தில் அச்சுக்கூடம் தூரம், செலவும் கட்டாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்கே ஜாம் போத்தல் விளக்கில் திரியைச் சுருக்கி வைத்திருந்த காலத்தில் அழகான அழைப்புக் காட்டுக்கு எங்கே போவது? கொப்பி ஒற்றையில் எழுதி, மூலையில் மஞ்சள் பூசி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வாசிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்திருக்கலாம். பழைய கைகள் பல எழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. “ஒடடுசுடடான” என்று இருந்தால் நாங்கள்தான் ஒட்டுசுட்டான் என்று எடுக்க வேண்டும். காலும் (ா) ரகரமும் ஒரே கோடாக இருக்கும். ளை, லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய எழுத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை போட்டு மாற்றிய எழுத்து அது. எங்கள் பெரியவர்களின் கையில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. முள்ளியவளை, வற்றாப்பளை, கற்சிலைமடு என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களுக்கே அந்தத் தும்பிக்கை இருப்பதால், அதை அறியாத பிள்ளைகள் ஊர்ப் பெயரிலேயே நின்றுவிட்டார்கள்.

பிறகு தேதி. ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். “ஆவணி ௴ ௰௨ ௳” என்பதைப் பிள்ளைகள் ‘யஉ’ என்று வாசித்தார்கள். அது 12ஆம் நாள். முகூர்த்தம் “உதயாதி நாழிகை 5” என்று இருந்தால் சூரியன் உதித்து இரண்டு மணித்தியாலம், ஏனென்றால் ஒரு நாழிகை 24 நிமிடம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் எங்கள் அங்கத்தவர் அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பெரிய சிக்கல் வருடப் பெயர். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ஓர் அழைப்பிதழில் தாது வருடம் ஆவணி மாதம் என்று இருந்தது. அது 1936ஆகவும் இருக்கலாம், 1996ஆகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்தால் 1936 என்றே சொல்லத் தோன்றும். ஆசிரியர் ஐயா கிழமையைப் பார்க்கச் சொன்னார். அறுபது ஆண்டு கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் விழாது. கிழமை ஐந்தோ ஆறோ நாள் தள்ளிப் போய்விடும். கணக்குப் போட்டால் 1996தான் பொருந்தியது. எழுதியவர் பழைய கையில் பழகிய வயதான மனிதர், அவ்வளவுதான். அப்புறம் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் பிள்ளை ஒன்று இன்னொன்றையும் கவனித்தது. கலியாணம் நடக்கும் இடம் ‘கிளிநொச்சி’ என்று எழுதி வெட்டப்பட்டு, மேலே ‘மல்லாவி’ என்று இருந்தது. அந்த ஆண்டு யூலைக் கடைசியில் தொடங்கிய படை நடவடிக்கையில் செப்டெம்பர் முடிவதற்குள் கிளிநொச்சி பிடிபட்டது. சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அந்தக் குடும்பம் கலியாணத்தை நிறுத்தவில்லை, இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறது. முகூர்த்த நேரத்தில் வெட்டே இல்லை.

இன்னொன்றில் ஆண்டே இல்லை. “போயா விடுமுறையாதலால் தவறாது சமூகந்தரவும்” என்று மட்டும் இருந்தது. 1966 முதல் 1971 வரை நாட்டில் ஞாயிறுக்குப் பதிலாக, நிலவுக் கணக்கில் வரும் போயா நாள்தான் வார விடுமுறை. அதனால் அந்த ஐந்தாறு ஆண்டுக்குள் இருக்கலாம் என்று வைத்துப் பார்க்கிறோம்; உறுதியில்லை.

இதனால் என்ன பயன்? முதலில், அழைப்பிதழ் சட்ட ஆவணம் அல்ல. அதை நான் யாருக்கும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படிப் பரவிய கதைக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் தொலைந்த விவாகப் பதிவின் பிரதி எடுக்கப் போனால் எந்த ஆண்டு, எந்த இடம் என்று கேட்பார்கள். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? இந்த ஒற்றைகளால் சிலருக்கு அந்த ஆண்டு தெரியவந்தது. ‘இங்ஙனம்’ என்பதற்குக் கீழே இருக்கும் பெயர் வரிசையில் தாய்மாமன் யார், பெறாமகன் (உடன்பிறந்தார் மகன்) யார் என்பதும் தெரிகிறது.

ஒரு வேண்டுகோள். பழைய கடதாசியை லமினேற் பண்ண வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற முடியாது. ஒரு வீட்டில் செலோரேப் ஒட்டி எழுத்தே மஞ்சளாகிவிட்டது. தொலைபேசியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினாலே போதும்.

சனிக்கிழமை வாசிப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகள். நிர்வாக சபையில் வந்தவர் தலைவர் ஐயா மட்டும், அதுவும் தேத்தண்ணி நேரத்துக்கு. மற்றவர்கள் வயல் வேலை என்றார்கள். காலபோகத்துக்கு (மாரிப் பயிர்) சரி, ஒத்துக்கொள்கிறேன். சிறுபோகத்தில் (குளத்து நீரில் செய்யும் கோடைப் பயிர்) இந்தப் பக்கம் எத்தனை பேர் விதைத்தார்கள் என்பது குளத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கணக்கைப் பொருளாளர் விபரமாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக வந்தன. சிறிய மீதி வங்கியில் உள்ளது. போட்டோக்கொப்பிச் செலவு ‘எழுதுபொருள்’ என்பதற்குள் வருகிறது, கேட்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பூதக்கண்ணாடி என் சொந்தக் காசு.

சந்தா மாதம் 50 ரூபா. அதை ஆண்டு முழுவதும் கட்டாத பலர், அப்பம்மாவின் கலியாண அழைப்பிதழுக்குப் பிரதி வேண்டும் என்று இரவு 9 மணிக்கு வீட்டுப் படலையில் நின்றார்கள். கொடுத்தேன். மறுத்தேன் என்று எவரும் சொல்ல முடியாது.

கட்டடத்துக்குச் சீமெந்து தந்தவர்கள், மாதர் சங்கத்தினர், கமக்காரர் அமைப்பினர், கிராம அலுவலர், ஒலிபெருக்கி தந்த தம்பி எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பைப் புதிதாக ஒருவர் எடுத்தால் எனக்கு மகிழ்ச்சியே. அலுமாரித் திறப்பை அன்றே ஒப்படைப்பேன். எடுப்பவர் நாழிகைக் கணக்கும் வருடப் பெயர் அறுபதும் தெரிந்தவராக, சனிக்கிழமை ஓய்வுள்ளவராக இருந்தால் நல்லது. இன்னும் வாசிக்காத கட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு ஸ்கேனர் வாங்கித் தர விரும்பினால் நிலையம் ஏற்றுக்கொள்ளும்; நான் கேட்டதாக இருக்க வேண்டாம்.

யாப்பின்படி சந்தா நிலுவை உள்ளவர்கள் தெரிவில் வாக்களிக்க முடியாது. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். தெரிவு தேத்தண்ணிக்குப் பிறகு.

செயலாளர்