நாம் குதித்த கிணறு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தோட்டத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிற அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டி வலி இப்போது தேவலையா?

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நாம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 1960இல் உலகத்தில் ஏறக்குறைய 300 கோடிப் பேர். காலேஜில் இருந்த 1974இல் 400 கோடி. 2022 நவம்பர் 15ஆம் தேதி 800 கோடி என்று ஐ.நா. சொல்லிவிட்டது. பூமி எப்படித் தாங்கும், எல்லாம் ஒருநாள் சரிந்துவிடாதா, பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் ஆள் கூடுவதைப் பார்த்து வந்த பயம் இல்லை.

போர் போட்ட ராத்திரியைச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்பது மணிக்கு வந்தது. சத்தீஸ்கர் பையன்கள் ஐந்து பேர், முகமெல்லாம் வெள்ளைப் புழுதி. 340 அடியில் லேசாக ஈரம் காட்டியது. அப்புறம் வெறும் புகைதான். 500, 600, 800. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் அடிக்கு எவ்வளவு என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. விடியக்காலம் 970 அடியில் ஒரு இஞ்ச் தண்ணீர் வந்தது. ஓடிப்போய்க் கையில் ஏந்தினேன். வெதுவெதுப்பாக இருந்தது, சண்முகம். வாயில் வைத்தால் உப்பு. நம் கிணற்றுத் தண்ணீர் சித்திரையிலும் பல் கூசும், ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. 70 அடி. சுரைக்குடுக்கை கட்டி நீ முதலில் குதித்த மேற்குப் படி அப்படியே இருக்கிறது. எங்கள் அப்பாரு மாடு கட்டி, தோல் பறியில் தண்ணீர் அள்ளிக் கவலை இறைத்த காலத்தில் அதன் தண்ணீர் ஒன்றரை ஏக்கருக்குத்தான் பாயும். மாடு களைத்தால் இறைப்பும் நிற்கும், ராத்திரியில் கிணறு ஊறிக்கொள்ளும். மோட்டாருக்குக் களைப்பே கிடையாது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அந்த மின்சாரத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கம் பாறை பூமி. மேலே இருக்கும் மண்ணிலும் இளகிய கல்லிலும்தான் மழைநீர் தங்கும். அதற்குக் கீழே வெடிப்புகளில் இருக்கிற தண்ணீர் சொட்டுச் சொட்டாக எத்தனையோ வருஷத்தில் சேர்ந்தது. அதைத்தான் இப்போது மணிக்கணக்கில் எடுக்கிறோம். போர்த் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, அங்கிருந்து தென்னைக்குப் பாய்ச்சுகிறேன். நாம் நீச்சல் பழகிய கிணறு இன்றைக்கு வெறும் தொட்டி.

இதில் என்னைக் குழப்புவது என்ன தெரியுமா? நாம் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது மொத்தம் பதினொரு பிள்ளைகள். வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். நம் ஊரில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, தண்ணீரும் கூடவே கீழே போகிறது. அப்படியானால் குடிப்பது யார்? வாரத்துக்கு இரண்டு லாரி இளநீர் வடக்கே போகிறது. போகிறது எல்லாம் நம் பாறைத் தண்ணீர். ஏற்றிவிடுகிறவர்களில் நானும் ஒருவன்.

பால் எர்லிக் என்ற அமெரிக்கர் 1968இல் எழுதியதை நீ சொல்லியிருந்தாய். எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் சாவார்கள் என்றார். அந்த அளவுக்கு நடக்கவில்லை. அதிகம் விளைகிற ஐ.ஆர்.8 நெல்லும் யூரியாவும் காப்பாற்றின, அது நிஜம். ஆனால் அந்தப் பயிருக்கு ஆழத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காக்க 2009இல் சட்டம் போட்டு நெல் நடவையே ஜூனுக்குத் தள்ள வேண்டி வந்தது. உலகம் முழுக்க எடுக்கிற நிலத்தடி நீரில் ஏறக்குறைய கால்பங்கு இந்தியாதான் எடுக்கிறது. அடியில் இருப்பது தீர்ந்தால் அடுத்த ஐ.ஆர்.8 எதைக் குடித்து விளையும்?

சரிவு எப்படி வரும் என்று கேட்டாய். நான் பார்த்த மாதிரிதான் வரும் என்று நினைக்கிறேன். 2016இல் வடகிழக்கு மழை பொய்த்த பிறகு, அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷத் தென்னைகள் குருத்து காய்ந்து வரிசையாக மொட்டை நின்றன. தோட்டத்துக்காரர் முதலில் மாட்டை விற்றார், அப்புறம் மரங்களை வெட்டினார், கடைசியில் மனை போட்டார். சத்தமே இல்லை. சென்னையிலும் அப்படித்தானே? 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மொட்டை மாடியில் இருந்தாய். நாலே வருஷத்தில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் ரயில் தண்ணீர் கொண்டுவந்தது.

நான் செய்தது கொஞ்சம்தான். நூறு தென்னையில் அறுபதை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டேன், இருப்பதற்குச் சொட்டுநீர். பள்ளத்துத் தண்ணீர் திரும்ப இறங்கக் கிழக்கு மூலையில் குட்டை வெட்டியாயிற்று. மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். பொய்த்துப்போன பழைய போர்கள் இரண்டுக்கும் இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டேன். மணப்பாறைக்குப் பக்கத்தில் மூடாத போர்க்குழியில் அந்தக் குழந்தை விழுந்த பிறகு அவற்றைத் திறந்து வைத்திருக்க மனசு வரவில்லை. மாசத்துக்கு ஒருநாள் மட்டும் திறந்து, கல் கட்டிய கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஐப்பசியில் 412. கார்த்திகை மழைக்குப் பிறகு 405.

தைக்கு வா. கயிறு நனைந்தால் கனக்கிறது, இன்னொரு ஆள் பிடித்தால் நல்லது.

உன்,
நாச்சிமுத்து