இனிப்பு ஒயினும் அடுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சமையலில் இனிப்பு ஒயினைப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் பயனுள்ள செய்திகள் பல இருந்தாலும், இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இனிப்பு ஒயின் கிடைக்காவிட்டால் சாதாரண ஒயினில் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. கொதி வந்ததும் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது மற்றொன்று.

ஒரு ஒயின் எந்த வழியில் இனிப்பானது என்று தெரிந்தால்தான், அதை அடுப்பில் எப்படி நடத்துவது என்பது விளங்கும். பிரான்சின் போர்தோ வட்டாரத்தைச் சேர்ந்த சோத்தேர்னில், இலையுதிர் காலத்தின் காலைப் பனிமூட்டத்தில் திராட்சையின் மேல் போட்ரைடிஸ் என்னும் பூஞ்சை படர்கிறது. அது தோலில் நுண்ணிய துளைகளை இடுவதால், வெயில் ஏறியதும் பழத்தின் நீர் வற்றிச் சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிகின்றன. ஹங்கேரியின் டோக்காய் ஒயினுக்கும் இதே பூஞ்சைதான் ஆதாரம். ஜெர்மனியின் ஐஸ் ஒயினுக்கோ, கொடியிலேயே உறைந்த பழங்களை மைனஸ் 7 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிரில் பறித்துப் பிழிகிறார்கள். நீர் பனிக்கட்டியாகச் சக்கையில் தங்கிவிட, தேன் போன்ற சாறு மட்டும் இறங்குகிறது. ஸ்பெயினின் பெத்ரோ ஹிமெனெஸ் வகைக்குப் பழத்தை வெயிலில் உலர்த்துகிறார்கள். போர்ச்சுகலின் போர்ட் ஒயினுக்கு, நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் செயலிழந்துபோக, அது தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே மிஞ்சுகிறது. இவை எதிலும் சர்க்கரை தனியே வந்து சேரவில்லை; பழத்தின் மற்றச் சாரங்களோடு சேர்ந்தே வருகிறது. சோத்தேர்ன் ஒயின் திகட்டாமல் இருப்பதற்கு அதன் கூர்மையான புளிப்பே காரணம். சாதாரண ஒயினில் நான்கு கரண்டி சர்க்கரையைப் போட்டால் இனிப்புதான் ஏறுமே தவிர, அந்தச் செறிவு வந்துவிடாது.

சமைப்பவர் அறிய வேண்டிய அடுத்த வேறுபாடு, எந்த ஒயின் சூட்டைத் தாங்கும் என்பது. போர்ச்சுகலின் மதீரா தீவில் உருவாகும் மதீரா ஒயின், தயாரிக்கும்போதே சூடேற்றப்படுகிறது. பரவலாக உள்ள ஒரு முறையில், குறைந்தது மூன்று மாதம் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். சூட்டையும் காற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒயின் என்பதால், சாஸில் கொதித்தாலும் அதன் குணம் பெரிதாகக் குலைவதில்லை. திறந்த பாட்டிலும் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். மதீராவின் மணத்துக்குப் பங்களிக்கும் சோட்டோலோன் என்ற சேர்மமே வெந்தயத்துக்கும் அதன் மணத்தைத் தருகிறது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. இதற்கு நேர்மாறானது மஸ்கட் என்னும் திராட்சை வகையில் செய்யும் ஒயின். அதன் பூமணம் எளிதில் ஆவியாகக்கூடியது. கொதிக்கவிட்டால் வெறும் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். அதை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, நறுக்கிய பழத்தின் மேலோ குளிர்ந்த கிரீமிலோ ஊற்றுவதே முறை.

சுண்டவைக்கும்போது சர்க்கரைக் கணக்கை மறக்கக் கூடாது. லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை உள்ள ஒயினில் 200 மில்லி எடுத்தால், அதில் 24 கிராம் சர்க்கரை இருக்கும். அதை 50 மில்லியாகச் சுண்டவைத்தாலும் அந்த 24 கிராமும் வாணலியை விட்டு எங்கும் போவதில்லை. புளிப்பும் அப்படியே செறிந்து நிற்கும். ஆகவே உப்பும் கூடுதல் சர்க்கரையும் கடைசியில், ருசி பார்த்த பிறகே சேர்க்கப்பட வேண்டும். முதலில் சிறு குமிழிகள் வேகமாக எழும்போது மூக்கைக் குத்தும் நெடி வரும். பின்னர் குமிழிகள் பெரிதாகி, பளபளப்போடு மெதுவாக உடையத் தொடங்கும். அப்போது கரண்டியின் பின்புறத்தில் படிந்த சாஸில் விரலால் ஒரு கோடு இழுத்து, அது மூடாமல் நின்றால் உடனே இறக்கிவிட வேண்டும், ஏனெனில் ஆறும்போது அது மேலும் இறுகும். கம்பிப் பதம் வரை காத்திருப்பது தவறு; அதற்குள் அடிப்பிடித்துக் கசப்பு ஏறிவிடும். இறக்கியபின் அதே ஒயினில் ஒரு கரண்டி பச்சையாகச் சேர்த்தால், கொதியில் போன மணம் ஓரளவு திரும்பும்.

இனி ஆல்கஹால் பற்றி. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகும் சேர்த்த ஆல்கஹாலில் ஏறத்தாழ 40 சதவீதம் எஞ்சுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் ஆன பிறகும் 5 சதவீதம். தீ மூட்டி எரிக்கும் முறையில் 75 சதவீதம் அப்படியே இருக்கிறது. மதுவைத் தொடாத நண்பர் ஒருவருக்கு, போர்ட்டில் கால் மணி நேரம் வேகவைத்த பேரிக்காயை, “கொதித்துவிட்டது, இனி அதில் ஒன்றும் இருக்காது” என்று சொல்லி ஒருமுறை பரிமாறியிருக்கிறேன். அவர் என் சொல்லை நம்பிச் சாப்பிட்டார். பிறகு இந்த எண்களைப் பார்த்தபோது நான் பட்ட வருத்தம் சிறிதன்று. அவரிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

நம்பிக்கையாலோ, மருத்துவர் சொன்னதாலோ, கருவுற்றிருப்பதாலோ, பழைய குடிப்பழக்கத்திலிருந்து மீண்டிருப்பதாலோ மதுவை விலக்கியவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருப்பார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களும் படித்திருப்பார்கள். ஆகவே ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்