மின்தேக்கியை மறந்த வானொலி வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளியான வானொலி வரலாற்றுக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மார்க்கோனிக்கும் வெற்றிடக் குழாயான வால்வை உருவாக்கிய பிளெமிங்குக்கும் உரிய இடம் தந்த அக்கட்டுரை, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கியை ஒரே வரியில் கடந்துவிட்டது. வானொலிக்கு ஏற்ற மைக்கா மின்தேக்கியை உருவாக்கிய வில்லியம் டுபிலியரின் பெயரே அதில் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

கிளைஸ்ட்டும் மஸ்கன்புரூக்கும் 1745-46 ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்த முதல் மின்தேக்கியான லெய்டன் ஜாடி, ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளில் இடம்பிடித்தபோதும் கண்ணாடி ஜாடியாகவே இருந்தது. மின்பொறியை எழுப்பி அலைகளை அனுப்பிய அக்காலக் கருவிகளுக்கு, உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றத்தைத் தேக்கிக் கணத்தில் வெளியேற்றும் மின்தேக்கி தேவைப்பட்டதால், ஜாடிகளை வரிசையாக அடுக்கினார்கள். அவை இடத்தை அடைத்தன. கப்பலின் ஆட்டத்தில் உடையக்கூடியவை. அழுத்தம் மிகுந்தால் மின்சாரம் கண்ணாடியையே துளைத்துவிடும்.

நியூயார்க்கில் 1888-இல் பிறந்த டுபிலியர் மைக்காவை, அதாவது நம் பழைய வழக்கில் காக்கைப்பொன்னை, நாடினார். மின்தேக்கியில் மைக்காவை முதலில் பயன்படுத்தியவர் அவர் அல்லர். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வகங்களில் அது இருந்தது. அதை ஒலிபரப்புக் கருவியின் கடும் அழுத்தத்தைத் தாங்கும்படி அமைத்ததே அவர் சாதனை. இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே உள்ள பொருள் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு கொள்திறன், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், கூடும். மைக்காவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அளவுக்கு ஏடு ஏடாகப் பிரியும். அந்த ஏடுகளையும் உலோகத் தாள்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, மெழுகூட்டி, இறுக்கிப் பிணைத்தபோது, அலமாரி நிறைய நின்ற ஜாடிகளின் வேலையைச் சிறியதொரு பெட்டி செய்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இவை பரவலாகின. உலகுக்குத் தேவையான மைக்காவில் பெரும்பங்கு நம் நாட்டின் கோடர்மா, நெல்லூர் பகுதிச் சுரங்கங்களிலிருந்து சென்றதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய வால்வு ரேடியோவின் அடித்தட்டைத் திறந்து பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். மெழுகுக் காகித மின்தேக்கிகள் ஈரம் ஏறிக் கசிந்திருக்கும்; பக்கத்திலேயே வண்ணப் புள்ளிகள் இட்ட, தபால்தலை அளவேயான பழுப்பு நிற மைக்கா மின்தேக்கியை அளந்தால், பெரும்பாலும் அன்றைய கொள்திறன் மதிப்பையே காட்டும். கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தே அலைவரிசையை முடிவு செய்வதால், மின்தேக்கியின் மதிப்பு மாறினால் ரேடியோவில் நிலையம் கிடைக்கும் இடமும் நகர்ந்துவிடும்.

டுபிலியரின் நிறுவனம் 1933-இல் கார்னெல் நிறுவனத்தோடு இணைந்த பின்னும் அவர் பெயர் மின்தேக்கிகளின் மேல் அச்சாகி வந்தது. கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது அப்பெயரையும், கண்ணாடியிலிருந்து மைக்காவுக்கு வந்த கதையையும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்