விடை தெரியாத தண்ணி

கண்ணு,

சாயத்தண்ணி சுத்திகரிப்பு லேபில் அப்ரண்டிஸாகச் சேர்ந்ததும், "காலேஜ்ல செஞ்ச அதே டைட்ரேஷன்தாம்மா இங்கயும்" என்று போனில் சொன்னாய். சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற பியூரெட்டும் பிப்பெட்டும் அதேதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலேஜ் பிராக்டிகலில் விடை யாருக்காவது முன்கூட்டியே தெரியும். "19.6 மில்லி வரும்" என்று சீனியர் சொல்லிவிடுவார். 19.2 வந்தவளும் 19.6 என்றே எழுதி, கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, மார்க்கும் வாங்கிவிடுவாள். சாயத்தண்ணிக்கு அப்படி விடை யாரிடமும் கிடையாது. நீ எழுதுகிற எண்ணை நம்பித்தான் ஆபரேட்டர் வால்வைத் திருப்புகிறார். நொய்யல் ஆறு கெட்டதும், 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று ஆன பிறகு, இந்த ஊரில் லேப் நோட்டுக்குத் தனி கனம் வந்துவிட்டது.

உன்னை அதிகம் படுத்தப்போவது சி.ஓ.டி.தான், அதாவது தண்ணியில் உள்ள கழிவை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு. வரிசை மாறினால் எல்லாம் மாறும். ஃபிளாஸ்க்கில் முதலில் மெர்க்குரிக் சல்ஃபேட் 0.4 கிராம், அதன்மேல் சாம்பிள் 20 மில்லி. கலக்கிவிட்டு, கழிவை ஆக்சிஜனேற்றும் டைகுரோமேட் 10 மில்லி, 0.25 நார்மல் செறிவில். கடைசியாகத்தான் சில்வர் சல்ஃபேட் கரைத்த ஆசிட் 30 மில்லி. ஃபிளாஸ்க்கைக் குளிர்ந்த தண்ணியில் வைத்து, சுழற்றிக்கொண்டே மெதுவாக விடு. கண்ணாடி மணி போட மறக்காதே. மறந்தால் கொதிக்கும்போது தூக்கியடிக்கும். மெர்க்குரி முன்னால் போவது எதற்கென்றால், சாயத்தண்ணியில் உப்பு அதிகம். குளோரைடை மெர்க்குரி பிடித்து வைக்காவிட்டால் சில்வர் அதோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து வீணாகும். மிச்சக் குளோரைடு டைகுரோமேட்டைத் தின்னும்.

எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட்டுப் பார். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் சி.ஓ.டி. மாதிரி நடிக்கும். லிட்டருக்கு 6000 மில்லிகிராம் குளோரைடு உள்ள தண்ணியை அப்படியே போட்டால், இல்லாத சி.ஓ.டி. 1350 வரைக்கும் ஏறலாம். 0.4 கிராம் மெர்க்குரிக் சல்ஃபேட் தாங்குவது 20 மில்லியில் 2000 அளவுக் குளோரைடைத்தான். அதனால் முதலில் குளோரைடு பார், பிறகு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து சாம்பிளை நாலு மடங்காக்கு. கலக்கினாலும் ஒரு விலை உண்டு: பியூரெட்டில் உள்ள 0.25 நார்மல் ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட் 0.1 மில்லி தவறினால் சாதாரணமாக லிட்டருக்கு 10 மில்லிகிராம் பிசகும், நாலு மடங்கு கலக்கினால் 40. மில்லியை நார்மாலிட்டியாலும் 8000-ஆலும் பெருக்கி, சாம்பிள் அளவான 20-ஆல் வகுக்கிறோமே, அங்கிருந்து வருகிறது இது. சும்மா மனப்பாடம் பண்ணின ஃபார்முலாவில் இது தெரியாது.

ரெண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவி கண்டென்சரில் குளிர்ந்து திரும்ப உள்ளே விழும்படி கொதிக்கவிடு. நடுவில் ஃபிளாஸ்க் பச்சையாக மாறிவிட்டால் அதற்கு மேல் டைட்ரேட் செய்யாதே. டைகுரோமேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த அளவுகளில் சி.ஓ.டி. 1000-க்கு மேல் அதற்குத் தாங்கும் சக்தி இல்லை. எடுத்து வைத்துவிட்டு, கலக்கின சாம்பிளில் மறுபடி ஆரம்பி. பச்சையாகாமல் இருந்தால் கண்டென்சரைக் கழுவி உள்ளே விட்டு, தண்ணி சேர்த்து இரண்டு மடங்காக்கி, அறைச் சூட்டுக்கு ஆறவிடு. நிறம் காட்டுகிற ஃபெரோயின் ரெண்டு மூணு சொட்டு விட்டு, மிச்ச டைகுரோமேட்டை அளக்க பியூரெட்டிலிருந்து ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டை விடு. மஞ்சள், நீலப்பச்சை, அப்புறம் ஒரே சொட்டில் செம்பழுப்பு. அந்தச் சொட்டோடு நிறுத்து. கொஞ்ச நேரத்தில் நீலப்பச்சை திரும்ப வரும். அதைக் கண்டு இன்னும் விடாதே.

ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டின் நார்மாலிட்டியை பாட்டில் லேபிளில் பார்த்து எழுதாதே. காற்றுப் பட்டாலே ஃபெரஸ் ஃபெரிக் ஆகிக்கொண்டிருக்கும். தினமும் 10 மில்லி டைகுரோமேட்டை 100 மில்லியாக்கி, ஆசிட் 30 மில்லி விட்டு, ஆறவைத்துச் சோதி. ரிஃப்ளக்ஸ் ஓடுகிற ரெண்டு மணி நேரத்தில் இதை முடித்துவிடலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: விடை தெரிந்த சாம்பிள் ஒன்றை நீயே வைத்துக்கொள். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரியில் உலர்த்தி, 425 மில்லிகிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் சி.ஓ.டி. 500 வர வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதையும் ஒரு ஃபிளாஸ்க்காகப் போடு. 500-க்குப் பக்கத்தில் வந்தால் மற்றதை நம்பு. 430 வந்தால் அன்றைக்கு எல்லாமே சந்தேகம்தான். 430-ஐ அழித்து 495 ஆக்கினாயானால், திரும்பவும் காலேஜ் பிராக்டிகலுக்கே போய்விட்டாய்.

பிளீச்சிங் தண்ணியில் மிஞ்சின பெராக்சைடும் சி.ஓ.டி.யைப் பொய்யாக ஏற்றும். எதிர்பாராமல் எகிறினால், பட்டறையில் அன்றைக்கு என்ன ஓடியது என்று ஒருக்கா கேட்டுப்போட்டு அப்புறம் எழுது.

டி.டி.எஸ்.சுக்கு, அதாவது தண்ணியில் கரைந்திருக்கிற மொத்தப் பொருளின் அளவுக்கு, மீட்டர் சட்டென்று ஒரு எண் காட்டும். அது மின்கடத்தலைப் பார்த்து ஒரு காரணியால் பெருக்கிச் சொல்வது. உப்பு மாறினால் காரணியும் மாறும். ரிப்போர்ட்டுக்கு டிஷ்ஷில் தண்ணியை வற்றவைத்து எடை போட்டே தீர வேண்டும். 8000 டி.டி.எஸ். தண்ணியில் 100 மில்லி எடுத்தால் 800 மில்லிகிராம் உப்பு படியும். மேலே ஏடு கட்டி, உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும். 200 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 20 மில்லி போதும். 180 டிகிரியில் உலர்த்து, ஈரம் ஏறாமல் காக்கிற டெசிக்கேட்டரில் முழுக்க ஆறவை. சூடான டிஷ் தராசில் குறைவாகக் காட்டும். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால், அந்த டெசிக்கேட்டர் வெறும் டப்பா.

ஆர்.ஓ.வுக்குப் போகிற தண்ணியில் குளோரின் மட்டும் விளையாட்டில்லை. பாலியமைடு மெம்பிரேனை அது தின்றுவிடும். குளோரின் இருந்தால் சிவக்கிற டி.பி.டி. மருந்தைப் போட்டதும் பளிச்சென்று சிவந்து உடனே வெளுத்துவிட்டால், 'இல்லை' என்று எழுதிவிடாதே. குளோரின் அளவுக்கு மீறி இருந்து நிறத்தையே வெளுத்திருக்கலாம். டிஸ்டில்ட் வாட்டர் கலந்து நீர்க்கவைத்து மறுபடி பார். அந்தச் சாம்பிளை எடுத்த இடத்திலேயே சோதிக்க வேண்டும், மேஜையில் வைத்து டீ குடித்துவிட்டு வரக்கூடாது.

சாம்பிள் எடுக்கும்போது குழாயை ரெண்டு நிமிஷம் ஓடவிடு, தேங்கின தண்ணி போகட்டும். சி.ஓ.டி. பாட்டிலில் ஆசிட் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து குளிரில் வை. டி.டி.எஸ்.சுக்கு ஆசிட் விடாத பாட்டில் தனியாக இருக்கணும். பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைப்பவர்களை எங்கேயும் பார்ப்பாய். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்கணும்.

நோட்டில் வொயிட்னர் கூடாது. தவறை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதையும் தேதியையும் கையெழுத்தையும் போடு. துண்டுச் சீட்டில் எழுதிவிட்டுச் சாயங்காலம் நோட்டுக்கு மாற்றுவது கெட்ட பழக்கம். அங்கேதான் 2.48, 2.84 ஆகிறது.

படிப்பை லேபோடு சேர்த்து ஓட்டு. ரெடாக்ஸ் டைட்ரேஷன் பாடத்தை சி.ஓ.டி. செய்கிற வாரத்திலும், ஈ.டி.டி.ஏ. பாடத்தைக் கடினத்தன்மை பார்க்கிற வாரத்திலும் எடுத்துக்கொள். வேலை முடிந்து களைத்து வருகிற ராத்திரியில் தியரி மண்டையில் ஏறாது, கணக்கு மட்டும் போடு. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி உன் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து, பதிவு எண்ணை எழுதி வை. ஆள் வரவில்லை, கூட நேரம் இரு என்று யாராவது சொன்னால், அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகர் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் கிடையாது என்று மரியாதையாகச் சொல்லு. செமஸ்டர் நேரத்தில் அது உதவும்.

சி.ஓ.டி. முடிந்த கரைசலில் மெர்க்குரியும் குரோமியமும் வெள்ளியும் இருக்கு. சிங்க்கில் ஊற்றாதே, தனி கேனில் சேர். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய். காட்டன் கோட்டே போடு, ஆசிட் பட்டால் கையுறையைச் சட்டென்று உருவிப்போட்டு கையைக் கழுவு. பொங்கலுக்கு வரும்போது லேப் கோட்டைத் தனிப்பையில் கட்டிக்கொண்டு வா. வீட்டுத் துணியோடு சேர்த்துப் போடவேண்டாம், நான் தனியாக ஊறவைத்துத் தருகிறேன்.

அம்மா