டிசம்பரில் எங்கே நடக்கலாம்: மகளுக்கு ஒரு கடிதம்

கண்ணு,

டிக்கெட் போட்டாச்சு என்று நீ சொன்ன அன்றைக்கே உன் அம்மா ஒப்புட்டுக்கு வெல்லம் எந்தக் கடையில் வாங்குவது என்று ஆரம்பித்துவிட்டாள், அது அவள் பாடு. நீ கேட்டதற்கு நான் எழுதியே அனுப்பிவிடுகிறேன். போனில் பேசினால் பாதியில் சின்னவள் பிடுங்கிக்கொண்டு கன்றுக்குட்டியைக் காட்டு அப்பிச்சி என்கிறாள், அப்புறம் எங்கே பேசுவது.

"குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு நடக்க அங்கே என்னப்பா இருக்கு, கடல்கூட இல்லையே" என்றாய். கடல் இல்லைதான், இங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்கப் பாதி நாள் ஓடிவிடும். நாங்கள் சிட்னி வந்தபோது போண்டி கடற்கரையிலிருந்து கூஜீ கடற்கரை வரை ஒரு நாள் கூட்டிப் போனீர்களே, அந்த 6 கிலோமீட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா, எங்கே கால் வலிக்கிறதோ அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டமராமா, ப்ராண்டே, க்ளோவெல்லி என்று வழிநெடுகச் சின்னச் சின்னக் கடற்கரை, குடிக்கத் தண்ணீர், கக்கூஸ், கொஞ்சம் மேலே ஏறினால் பஸ். உன் அம்மா ப்ராண்டேயில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை, பஸ்ஸில்தான் திரும்பினோம், அதனால் யாருக்கும் எதுவும் குறைந்து போகவில்லை.

உங்கள் ஊரில் நடைபாதை தொடங்கும் இடத்தில் 1 முதல் 5 வரை நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், 1 என்றால் படியே இல்லாத சமதளம், 5 என்றால் நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும். நம் பக்கம் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. நான் பார்க்கிற கணக்கு இதுதான்: சின்னவள் "தூக்கு" என்று கையை நீட்டுகிற இடத்திலிருந்து கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் போகலாம்.

வந்த முதல் நாலைந்து நாள் குழந்தைகள் எப்படியும் விடியுமுன்னே எழுந்து உட்காரப் போகிறார்கள். டிசம்பரில் உங்களுக்கும் எங்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அங்கே காலை 9:30 என்றால் இங்கே விடிகாலை 4. அந்த நேரத்தில் டிவியைப் போட்டுவிடாதே. பாலைக் குடிக்க வைத்து, ஸ்வெட்டரை மாட்டி, வெளிச்சம் வந்ததும் வெள்ளெனக் கிளம்பிவிட்டால் 9 மணிக்குள் நடையும் முடியும், பசியும் எடுக்கும், உன் அம்மாவின் சந்தகைக்கும் மரியாதை கிடைக்கும்.

முதல் நாள் எங்கேயும் வண்டி எடுக்க வேண்டாம், நம் வாய்க்கால் கரையே போதும். நீ சின்னப் பிள்ளையில் சைக்கிள் பழகிய அதே கரைதான். பெரியவனுக்கு எட்டு வயது ஆகிவிட்டதே, அவனிடம் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். பவானிசாகரில் கிளம்பி 200 கிலோமீட்டர் ஓடுகிறது கீழ்பவானி வாய்க்கால், 1950-களில் அணையோடு சேர்த்து வெட்டியது, ஈரோடு, திருப்பூர், கரூர் மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மண் கரை என்பதால் கசிவுத் தண்ணீர் கீழே இருக்கிற கிணறுகளுக்கெல்லாம் இறங்குகிறது, அதனால்தான் கான்கிரீட் போட வந்தபோது நம் ஆட்கள் அத்தனை பேர் வேண்டாம் என்று உட்கார்ந்தார்கள். அவனுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்காதே, மதகுக்குப் பக்கத்தில் நின்று ஷட்டர் எப்படித் திறக்கிறது என்று காட்டினால் அவனே மிச்சத்தைக் கேட்பான்.

வழக்கமாக ஆகஸ்டில் திறக்கிற தண்ணீரை டிசம்பர் நடுவில் அடைப்பார்கள், சில வருஷம் முன்னே பின்னே ஆகும். ஓடிக்கொண்டிருந்தால் குழந்தைகளைச் சரிவுப் பக்கம் விடவே கூடாது, மேலே பார்க்க அமைதியாகத் தெரியும், இழுவை ரொம்ப, கரை வழுக்கும், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. சின்னவளை எப்போதும் வயல் பக்கம் விட்டு நீ தண்ணீர்ப் பக்கம் நட. அடைத்துவிட்டால் நமக்கு இன்னும் வேடிக்கை அதிகம். குழிகளில் தேங்கின தண்ணீரில் மீன் துள்ளும், கொக்கும் மீன்கொத்தியும் வந்து உட்கார்ந்துவிடும், பள்ளிக்கூடப் பையன்கள் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கரண்ட் கம்பியில் மங்கலாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், பறந்ததும் இறக்கை முழுக்க நீலம், அது பனங்காடை. பனைமரத்தில் குஞ்சு பொரித்து விட்டுப்போன தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும், கீழே விழுந்தது ஒன்று கிடைத்தால் பெரியவன் கையில் கொடு, உள்ளே களிமண் ஒட்டியிருப்பதைத் தடவிப் பார்க்கட்டும்.

மயில் வேறு. எங்கே பார்த்தாலும் மயில். உன் குழந்தைகள் கைதட்டுவார்கள், நான் விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்கிற கூட்டம் அது என்று அவர்களிடம் சொல்லாதே, நானும் அன்றைக்கு மட்டும் பேசாமல் இருக்கிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு விடு. புல் மண்டின ஓரத்தில் கண்ணாடிவிரியன் இருக்கும், அதனால் வண்டித் தடத்து நடுவிலேயே நடக்க வேண்டும், பொழுது சாய்ந்தபின் கரைக்குப் போகவே வேண்டாம்.

அடுத்து வெள்ளோடு ஏரி. நீ ஈரோட்டில் காலேஜ் படித்த காலத்தில் பஸ்ஸில் தாண்டிப் போனதோடு சரி, ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. அந்த ஏரியை 1996-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்ந்துவிட்டது. மொத்தமே 77 ஹெக்டேர்தான், கரையில் நடக்கத் தடம் இருக்கிறது, ஏறிப் பார்க்கக் கோபுரம் இருக்கிறது, குழந்தைகளுக்கு இதைவிடத் தோதான இடம் நம் பக்கம் இல்லை என்பேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நீந்தி மீனை ஒரு பக்கமாக ஒதுக்குவதைப் பார்த்தால் பெரியவன் நகர மாட்டான்.

எனக்குப் பிடித்தது பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் வெளியே வளைந்து தெரியும், முதலில் பார்ப்பவர்கள் பாம்பு என்றே நினைப்பார்கள். முங்கி அலகால் மீனைக் குத்திக்கொண்டு மேலே வரும், ஒரு உதறு உதறி அந்தரத்தில் வீசி, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்கும். செதில் தொண்டையில் கீறக்கூடாது என்று அவ்வளவு கணக்கு. அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும், அதனால் வேலை முடிந்ததும் கருவேல மரத்து மொட்டைக் கிளையில் இரண்டு இறக்கையையும் விரித்துக் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி நிற்கும். நத்தைகுத்தி நாரையையும் காட்டு, அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும், கரையோரம் காலியான நத்தைக்கூடு குவியலாகக் கிடந்தால் அது அதன் வேலைதான்.

அந்தப் பறவைகளுக்காகச் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நம் வீட்டில் வெடி வேண்டாம் என்றால் உன் தம்பி எப்படிக் குதித்தான், அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆகவே அங்கே போனால் கத்தக் கூடாது, போனில் பாட்டு வைக்கக் கூடாது, சிவப்பு சட்டை வேண்டாம், மங்கின நிறமாகப் போட்டு விடு. பைனாகுலர் இருந்தால் எடுத்து வா, இங்கே வாங்கினது ஒன்று வைத்திருக்கிறேன், அதில் இரண்டு ஏரி தெரிகிறது. மழை ஏமாற்றிய வருஷம் தண்ணீர் குறைந்துவிடும், நீ வருவதற்கு முன் நான் ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

திருப்பூரில் பெரியம்மா வீட்டுக்கு எப்படியும் போவாய், அன்றைக்குக் காலையில் நஞ்சராயன் குளத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். பனியன் கம்பெனி ஊரில் இப்படி ஒரு குளமா என்று இருக்கும். 2024-இல் அதற்கும் ராம்சர் கிடைத்தது.

கொடிவேரி அணைக்குப் போகணும் என்று நீ சொல்வாய், தெரியும். போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், ஒரம்பரை மொத்தமும் சேர்ந்து வந்த கல்யாண மண்டபம் தோற்றுவிடும். வார நாளில் காலையில் போய் அணையைப் பார்த்துவிட்டு வாய்க்கால் ஓரமாக நெல் வயல் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினால் அதுவே நல்ல நடை. குளிப்பது உன் இஷ்டம், அணைக்குக் கீழே கொட்டுகிற இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. போண்டியில் சிவப்பும் மஞ்சளும் கொடி நட்டு அதற்கு நடுவில்தான் குளிக்க விடுகிறார்கள் இல்லையா, இங்கே அந்தக் கொடியை நீயே மனதில் நட்டுக்கொள்ள வேண்டும். மீன் வறுவல் மட்டும் பயப்படாமல் சாப்பிடுங்கள், சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு.

மாப்பிள்ளைக்கு வரலாறு பிடிக்கும் என்பதால் காளிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, பவானியில் கிளம்பிக் கொடுமுடிப் பக்கம் வரை கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் போகிறது, நேராகப் போனால் இவ்வளவு தூரம் வராது. பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்துக் காளிங்கராயன் வெட்டினார் என்று கதை சொல்வார்கள். மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏற வேண்டும் என்றால் சரிவு அதிகமாகிவிடாமல் வளைந்து வளைந்துதான் கொண்டு போக வேண்டும், அதை அந்தக் காலத்திலேயே கண்ணால் அளந்திருக்கிறார்கள். ஈரோடு டவுனை ஒட்டின பகுதி சாயத்தாலும் சாக்கடையாலும் கெட்டுக் கிடக்கிறது, அங்கே கூட்டிப் போக மனசு வரவில்லை, டவுனைத் தாண்டி மஞ்சளும் வாழையும் இருக்கிற பக்கமாகப் பார்க்கலாம். பொங்கலுக்கு இருப்பீர்கள் என்றால் தை 5 காளிங்கராயன் தினம், விவசாயிகள் மாலை போட வருவார்கள்.

இனி காடு. மாப்பிள்ளை வெள்ளியங்கிரி ஏறணும் என்று போன தடவையே சொன்னார். ஏழு மலை, குழந்தைகளோடு நினைத்தே பார்க்கக் கூடாது, டிசம்பரில் அனுமதியும் கிடையாது, பிப்ரவரிக்குப் பிறகுதான் விடுவார்கள். சத்தியமங்கலம் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு சும்மா நாலு எட்டு உள்ளே போய் வரலாம் என்கிற பேச்சும் வேண்டாம். புலிகள் காப்பகம் அது, யானைக்கு உன் பாஸ்போர்ட் தெரியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் மாட்டி 20 பேருக்கு மேல் செத்தார்களே, அதற்குப் பிறகு அனுமதி இல்லாமல் மலையேற விடுவதில்லை. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 தடங்களை ஆன்லைனில் புக் பண்ணும்படி திறந்தது, மலைவாழ் மக்களின் பிள்ளைகளே பயிற்சி எடுத்து வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள். அதில் ஆழியாறு கால்வாய்க் கரை என்று ஒன்று இருக்கிறது, சுலபமானது என்றே போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் பெரியவனும் மட்டும் போய் வரட்டும், சின்னக் குழந்தைகளுக்கு என்ன விதி என்று புக் பண்ணும்போதே படித்துக்கொள்ளச் சொல். நீயும் நானும் சின்னவளும் பொள்ளாச்சியில் உன் அத்தை வீட்டுத் தோப்பில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கலாம்.

இத்தனையும் ஒரே லீவில் முடிக்க நினைக்காதே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். எந்த நாள் ஆழியாறு என்று மாப்பிள்ளையைக் கேட்டு இந்த வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் போடு, பக்கத்து வீட்டுப் பையன்தான் ஆன்லைனில் பதிந்து தருவான், அவனுக்குப் பரீட்சை வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. பெரியவனின் ஷூ அளவையும் எழுது, அங்கிருந்து சுமந்து வர வேண்டாம், ஈரோட்டிலேயே வாங்கி வைக்கிறேன்.

அப்பா